கத்தாத நேரம்

ரப்பர் பை ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. குறைமாதக் குழந்தையின் நெஞ்சளவே இருந்த அந்தப் பையை ஒரு சின்ன மோட்டார் ஊதுவதும் வற்றவைப்பதுமாக இருக்க, அதன் அடியில் விரித்திருந்த மெல்லிய பட்டை அந்த அசைவை மூச்சென்று நம்பிப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா காலையிலிருந்து அதன் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது மோட்டார் தானாக நிற்கும். பை அப்படியே கிடக்கும். குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். பெட்டி உடனே கத்தக் கூடாது, குறைமாதப் பிள்ளைகள் விட்டுவிட்டுத்தான் மூச்சு இழுக்கும்; பொறுக்கலாம் என்று டாக்டர்கள் சொன்ன நேரம் தாண்டியதும் கத்த வேண்டும். கத்தியது. மறுபடி மோட்டார் நின்றது, மறுபடி கத்தியது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் பாதிக்கு மேல் அவள் எழுதியது, அது ஒழுங்காக வேலைசெய்வதைப் பார்த்து நிம்மதிப்பட வேண்டியவள், அது கத்தக் கத்த உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை கத்தாமல் இரு. ஒரே ஒரு தடவை என் கண் முன்னால் தப்புச் செய். சேசுவே, இது என்ன வேண்டுதல், ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய யந்திரம் தவறிப்போகட்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேனே. ஆனால் அது தவறும். தவறியிருக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம் இதே மேசையில், இதே பை அசையாமல் கிடக்க, கத்த வேண்டிய நேரம் வந்து, போய், இன்னும் வெகுநேரம் கழித்துத்தான் கத்தியது. பதிவில் இருக்கிறது. அதன்பிறகு எத்தனை ஓட்டியும் வரவில்லை.

“ஒரே ஒரு தடவைதானுங்க ஜெசிந்தா,” என்று நாச்சிமுத்து சார் நேற்றுச் சொன்னது காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. கம்பெனி அவருடையது. கோபக்காரர் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை, அதுதான் சங்கடம். கோபக்காரராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். “சென்சார் ஒயரு லூசா இருந்திருக்கும். மோட்டாரு ஒரு இழுப்பு இழுத்திருக்கும். ஒரே ஒரு தடவைக்காக லோடை நிறுத்தச் சொல்றீங்களா? காரணத்தைச் சொல்லுங்க, நிறுத்தறேன்.” காரணம். அவளிடம் காரணம் இல்லை. கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார்கள்; ஒவ்வொரு தடவை டேப்பை இழுக்கும்போதும் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் படி ஏறி வருகிறது. மத்தியானம் லாரி. இப்போது கிளம்புவது போகட்டும், ஏற்கெனவே போனவை? பரிசோதனைக்கென்று சில பெட்டிகள் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே கிடப்பது ரப்பர் பை அல்ல. அதை நினைக்காதே. காரணத்தை நினை. உள்ளே என்ன இருக்கிறது, ஐந்து த்ரெட்டுகள், ஐந்து வேலைகள். மூச்சை வாசிப்பது ஒன்று, அலாரம் அடிப்பது ஒன்று, திரையில் கோடு வரைவது ஒன்று, நர்ஸ் மேசைக்குச் செய்தி அனுப்புவது ஒன்று, எல்லாவற்றையும் மெமரி கார்டில் எழுதிவைப்பது ஒன்று. உழைக்க ப்ராசஸருக்குள் நான்கு கோர்கள். எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓடலாம், யாரை எழுப்பி யாரை ஓரம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஷெட்யூலர். எல்லாருக்கும் மேலான முன்னுரிமை அலாரத்துக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அது கண் விழித்தால் போதும், எந்தக் கோரில் எது ஓடினாலும் அதை இறக்கிவிட்டு அலாரத்தை ஏற்றிவிடும். அப்படியிருக்க எப்படித் தாமதிக்கும்? எதற்காகவாவது காத்துக்கிடந்தால் தவிர. எதற்காக? மூச்சுக் கணக்கு இருக்கும் இடத்துக்கு ஒரு பூட்டு உண்டு, ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வெளியில் நிற்க வேண்டும், முன்னுரிமை எவ்வளவு பெரிதானாலும் நிற்க வேண்டும். கார்டில் எழுதும் த்ரெட் அந்தப் பூட்டை எடுக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். கண்ணிமைக்கும் நேரம்தான். நடுவில் யாராவது அதைக் கோரிலிருந்து தள்ளிவிட்டாலும் பக்கத்திலேயே வேறு கோர் சும்மா இருக்கும், அதில் ஏறிக்கொண்டு வேலையை முடித்துவிடும். நான்கு இருக்கிறதே. எப்போதும் ஒன்றாவது சும்மா இருக்கிறதே. லேப்டாப் திரையில் நான்கு பச்சைப் பட்டைகள், கோருக்கு ஒன்று, ஏறி இறங்குகின்றன. எந்நேரமும் ஒன்று மாற்றி ஒன்று படுத்துக் கிடக்கிறது. அப்படியானால் இது இல்லை. அப்படியானால் எது? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டி நின்று, திரும்பி, மறுபடி ஐந்து த்ரெட்டுகளிலிருந்து தொடங்கியது, செபமாலை உருட்டுகிறவள் மணி தப்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பிப்பதுபோல. பெட்டி கத்தியது. ஒழுங்காக.

“நாங்க தூங்குனாலும் இது முழிச்சிருக்குமாக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள். இதை நினைக்க வேண்டாம் என்றுதான் இத்தனை நேரம் த்ரெட்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தது, ஆனாலும் வந்துவிட்டது. போன வாரம் பெட்டிகளைப் பொருத்த அந்த வார்டுக்குப் போயிருந்தபோது, கடைசிக் கட்டிலருகே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதி. பீடி சுற்றுகிறவள், விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, கணுக்காலில் கட்டிய பட்டையில் ‘பேபி ஆஃப் முப்பிடாதி’ என்று எழுதியிருந்தது. காலே பெருவிரல் தடிமன்தான். அதில் அம்மா பேரைச் சுமந்துகொண்டு கிடந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது, இவள் தூங்கிப் பல நாளாகிறது. தெரியாமல் எப்படி? தன் மகன் ஆல்வினும் அப்படித்தான் பிறந்தான். இன்றைக்குக் காலையில் ஷூ லேஸைக் கட்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றானே, அதே ஆல்வின், ஒரு காலத்தில் உள்ளங்கை நீளத்துக்குக் கிடந்தான். அவன் நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் கட்டில் சட்டம், திரைச்சீலை, சுவர் எல்லாமே ஏறி இறங்குவதுபோல் தெரியத் தொடங்கிவிட்டது. ஒருதரம் கண்ணயர்ந்துவிட்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது. திடுக்கிட்டு விழித்து அவன் நெஞ்சில் கைவைக்கும் அந்த இடைவெளி, கை போய்ச் சேருவதற்கு முன்னால் இருந்த அந்த இடைவெளி, அதற்குள் அவள் இன்னும் எங்கோ இருந்துகொண்டிருக்கிறாள், முழுசாக வெளியே வந்ததில்லை. அதனால்தான் முப்பிடாதியிடம் சட்டென்று சொல்லிவிட்டாள். “இது தூங்கவே தூங்காது. நீ தைரியமா படு.” அந்தப் பெண் அன்று மத்தியானமே தரையில் சேலை விரித்துப் படுத்து, வாய் பிளந்து தூங்கினாள். வார்டே புழுங்கியது. தூங்குகிறவளின் மேலுதட்டில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. ஜெசிந்தா தாளால் விசிறிக்கொண்டே, “ஃபேன் போடக்கூடாதா டாக்டர்?” என்று கேட்டதற்கு டாக்டர் ஆவுடையம்மாள் சிரித்தார். “நமக்குத்தாம்மா புழுக்கம். இதுகளுக்கு இன்னும் கருப்பையில இருக்கிற கணக்கு. குளிர் பட்டா தாங்காது.” பெட்டியின் மேல் கையை ஊன்றியபோது அதுவும் சுட்டது, தோசைக்கல்லை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் ஆன சூடு. இங்கேயானால் எப்போதும் குளிர். தோளில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏசி காற்று நேரே பிடரியில் அடிக்கிறது, அதை ரிப்பேர் செய்த நாளிலிருந்தே இப்படித்தான், முன்பைவிட அதிகம். ரிப்பேர் செய்த அன்று ஏணி போட்டு மெக்கானிக் ஏறி நின்றான், அவன் கழற்றக் கழற்ற அழுக்குத் தண்ணீர் சொட்டி, அவள்தான் பக்கெட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாள், மின்விசிறியும் இல்லாமல் அறை வெந்தது, நெற்றி வேர்வை விசைப்பலகையில் விழுந்து துடைத்தாள், துடைத்துக்கொண்டே பதிவைப் பார்த்தாள், அலாரம் தாமதம் என்று.

அன்றைக்குத்தான்.

கை சால்வை நுனியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான். சூடு. பெட்டிக்குள் உள்ள போர்டு சூடேறினால் என்ன செய்யும்? தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கோர்களை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும். அது குறையில்லை, அப்படித்தான் செய்யப்பட்டது. நான்கு இரண்டாகும். இருக்கிற இரண்டில் ஒன்றைத் திரை வரைவது பிடித்துக்கொள்ளும், மற்றதை நர்ஸ் மேசைக்குச் செய்தி அனுப்புவது பிடித்துக்கொள்ளும். அதுவும் வைஃபை அறுந்து மறுபடி ஒட்டினால் தேங்கிய செய்தி அத்தனையையும் அனுப்பி முடிக்கும்வரை இடம் தராது. கார்டில் எழுதும் அந்தக் கடைசி த்ரெட், எல்லாருக்கும் கீழானது, கையில் பூட்டோடு ஓரமாக ஒதுக்கப்பட்டு நிற்கும். ஏறிக்கொள்ள வேறு கோர் இல்லை. அதற்கு இடம் கிடைத்தால்தான் பூட்டைத் திருப்பிக் கொடுக்கும். பூட்டு வந்தால்தான் அலாரம் உள்ளே போகும். இருப்பவற்றிலேயே முக்கியமானது, இருப்பவற்றிலேயே கடைசியானதற்காகக் காத்துக்கிடக்கும், நடுவில் உள்ளவை நிதானமாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க. இந்தக் குளிர் அறையில் நூறு வருசம் உட்கார்ந்தாலும் அது வராது. அங்கே வரும். அங்கே, குளிர் ஆகாது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கும் வார்டில், இது தூங்காது என்று அவள் சொல்லிவிட்டு வந்த இடத்தில். இல்லை, பொறு, நிரூபி, முதலில் ஏசியை அணை, போர்டைச் சூடாக்கு, பார், பிறகு சொல். நிரூபிக்க எவ்வளவு நேரமாகும்? அதுவரை? தப்பாக இருந்தால்? அங்கே நர்ஸுகள் போதாது, பெட்டியை நம்பாதீர்கள் என்றால் யார் உட்கார்ந்து பார்ப்பது, அந்தத் தாய்களை மறுபடி எழுப்பி உட்காரவைப்பதா, தப்பாக இருந்தால் எத்தனை பேர் தூக்கத்தை, நாச்சிமுத்து சாருக்கு இருக்கும் ஒரே நல்ல பெயரை... யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் எண்ணைத் தேடி அழுத்திவிட்டிருந்தது. மணி போயிற்று. போயிற்று. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“சொல்லும்மா, ரவுண்ட்ஸ்ல இருக்கேன்,” என்றார் ஆவுடையம்மாள்.

“டாக்டர், நம்ம பெட்டியை நம்பாதீங்க. வார்டு சூட்டுல அலாரம் லேட்டா அடிக்கலாம்.”

“லேட்டான்னா?”

“பிள்ளைக்கு ஆபத்தாகிற அளவுக்கு.”

பின்னணியில் ஒரு குழந்தை ஈனக் குரலில் அழுவது கேட்டது. ஜெசிந்தா அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிற பிள்ளை மூச்சுவிடுகிற பிள்ளை.

“நிச்சயமா தெரியுமா?”

“தெரியாது டாக்டர். இனிமேதான் சோதிக்கணும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க எனக்குப் பயமா இருக்கு.”

திட்டப்போகிறார். தெரியாமல் எதற்கு ஃபோன் செய்தாய் என்று கேட்கப்போகிறார். “எனக்கு ரெண்டு நர்ஸுதாம்மா இருக்காங்க,” என்றார் கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “சரி. தாய்மார் எல்லாரையும் கட்டில் பக்கத்துல உக்கார வைக்கேன். நெஞ்சுல கை வச்சுப் பாக்கச் சொல்லுதேன். நீ சோதிச்சிட்டுச் சொல்லு. சீக்கிரம் சொல்லு, என்னா?”

ஏசியை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். மேசை விளக்கின் கழுத்தை வளைத்துப் பெட்டிக்கு அருகே இழுத்துவிட்டு, சால்வையைக் கழற்றி அதன் காற்றுத் துளைகளை மூடினாள். பை ஏறியது, இறங்கியது. காத்திருக்கும்போது நேரம் என்ன செய்கிறது, அதுவும் எங்கோ பூட்டோடு ஒதுங்கி நிற்கிறதா? பெட்டி கத்தியது. ஒழுங்காக. நான்கு பட்டைகளும் ஆடிக்கொண்டுதானிருந்தன. முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. முப்பிடாதியை எழுப்பியிருப்பார்கள். எழுப்பும்போது என்ன சொல்லியிருப்பார்கள், அந்தக் கம்பெனி அக்கா ஃபோன் பண்ணாங்க என்றா? தூங்காது என்று சொன்ன அதே அக்கா. மறுபடி கத்தியது. ஒழுங்காக. தப்பாக நினைத்துவிட்டேன், சூடில்லை, வேறென்னவோ, ஒரு வார்டையே கலைத்துப்போட்டுவிட்டேன். வலதுகோடிப் பட்டை படுத்தது. எழவில்லை. அவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். சற்றுக் கழித்து அதற்கடுத்ததும் படுத்தது. மீதி இரண்டும் உச்சிவரை ஏறி நின்றன. எழுந்துபோய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, கொஞ்சம் தேங்கட்டும் என்று நின்றாள்.

கதவைத் திறந்துகொண்டு நாச்சிமுத்து உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. “அந்த டாக்டரம்மா எனக்கு ஃபோன் போட்டுக் கேக்கறாங்க, என்னங்க உங்க மெஷினுன்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க நீங்க. எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருப்பேன்? ஒருத்தரும் நம்ம ஊர்ல செஞ்ச பெட்டியத் தொட்டுக்கூடப் பாக்கலை. நம்பி வாங்கிக்கிட்டது அந்தம்மா ஒருத்தருதான். அவங்ககிட்டயே போயி... ஏனுங்க, ஏசிய எதுக்கு ஆஃப் பண்ணியிருக்கீங்க? இதென்ன சால்வை?”

“சார், ஒரு நிமிசம்.”

“ஒரு நிமிசமெல்லாம் இல்லீங்க. லாரிக்காரன் வந்து நிக்கறான்.”

அவள் ஒயரைத் திரும்பச் செருகினாள். மோட்டார் நின்றது. பை அப்படியே கிடந்தது. அவர் பேசிக்கொண்டேயிருந்தார், அவள் பையைக் காட்டினாள், காட்டிய விரலை இறக்கவில்லை. அவர் விரல் காட்டிய திசையில் பார்த்தார். பேச்சு தேய்ந்தது. பொறுக்கலாம் என்கிற நேரம் ஓடியது, இப்போது கத்த வேண்டும், இப்போது. கத்தவில்லை. கீழே டேப் கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். கத்தவில்லை. இரண்டு பட்டைகள் உச்சியில் நின்று துடிக்க இரண்டு செத்துக் கிடந்தன, உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்கு வரிவரியாகத் தெரிந்தது, அவள் எழுதிய வரிகள்தான், ஒவ்வொன்றும் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது, ஒன்றுகூடத் தப்புச் செய்யவில்லை, அலாரம் மட்டும் வாசலில் நின்றது. நாச்சிமுத்து அடியெடுத்து வைத்து மேசையருகே வந்தார். பையை உற்றுப் பார்த்தார். நாம் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான் சார், இந்தச் சத்தமின்மை, இதைத்தான் பெட்டி பெட்டியாக டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். “கத்தச் சொல்லுங்க,” என்றார் அவர், மெதுவாக, பிறகு குரல் உடைந்து, “ஏனுங்க, கத்தச் சொல்லுங்க அத!” வேண்டியது நடந்துவிட்டது, காலையிலிருந்து கேட்டது கிடைத்துவிட்டது. பெட்டி கத்தியது. இருவருக்குமே தூக்கிவாரிப் போட்டது.

அவர் படிக்கட்டு வரை ஓடி, கீழே பார்த்து, “நிறுத்துங்கப்பா! ஒண்ணும் ஏத்தாதீங்க, ஏத்தினதையும் இறக்குங்க!” என்று கூவியது கேட்டது. திரும்பி வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. “சரி பண்ண முடியுங்களா?”

“முடியும் சார். பூட்டை வச்சிருக்கிற த்ரெட்டுக்காக அலாரம் காத்திருந்தா, அந்த நேரத்துக்கு அலாரத்தோட முன்னுரிமையை அதுக்குக் கொடுக்கணும். அப்ப யாரும் அதை ஒதுக்க முடியாது. பூட்டை விட்டதும் பழையபடி ஆயிரும். சின்ன மாற்றம்தான்.” சின்ன மாற்றம்தான் என்று சொல்லும்போது வாய் கசந்தது.

“அத அப்பறம் பாக்கலாம்,” என்றார். “மொதல்ல அந்தம்மாவுக்குச் சொல்லோணும். நானே சொல்றேன்.” அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார். ஃபோன் எடுக்கப்பட்டதும் தொண்டையைச் செருமினார். “டாக்டரம்மா, நாச்சிமுத்துங்க. ஜெசிந்தா சொன்னது நெசமுங்க. இப்பத்தான் கண்ணால பாத்தேன். பெட்டி எல்லாத்தையும் கழட்டிருங்க. தப்பு எங்க மேலதானுங்க.”

“தெரியும்,” என்றார் ஆவுடையம்மாள். பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. “இப்ப கொஞ்சம் மின்னாடி ஒரு பிள்ளைக்கு மூச்சு நின்னுபோச்சு. கடைசிக் கட்டிலு. அம்மாக்காரி கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. சத்தம்போட்டுக்கிட்டே உள்ளங்கால்ல தட்டியிருக்கா. நாங்க ஓடிப் போறதுக்குள்ள பிள்ளை மூச்சை இழுத்துட்டு. நல்லா இருக்கு இப்ப.”

ஜெசிந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது, கேட்காதே. “பெட்டி கத்துச்சா டாக்டர்?”

“கத்துச்சும்மா. பிள்ளை அழ ஆரம்பிச்சபொறவு.”

நாச்சிமுத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“ஜெசிந்தா, லைன்ல இருக்கியா? அந்தப் பொண்ணு கைய எடுக்க மாட்டேங்கா. நர்ஸ் நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லியும் கேக்கலை. சாப்பிடவும் வரமாட்டேங்கா. எடுக்கச் சொல்லட்டா?”

“வேண்டாம் டாக்டர்,” என்றாள் ஜெசிந்தா. “இருக்கட்டும். யாரையாவது அவளுக்கு ஊட்டிவிடச் சொல்லுங்க.”